ஜப்பானிய நகர விழாவில் பன்னாட்டு உணவு ஸ்டால்கள்: இரண்டு ஆண்டுகளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கான்டோ சமவெளியின் வடக்கு ஓரத்தில், வாகன உதிரிபாக ஆலைகள் சூழ்ந்த ஒரு நடுத்தர நகரம். ஆண்டுதோறும் நவம்பர் 3, பண்பாட்டு நாள் விடுமுறையன்று நகராட்சி அலுவலகத் திடலில் குடிமக்கள் விழா நடக்கும். காலையில் விவசாயிகளின் காய்கறிச் சந்தை, பள்ளி மாணவர்களின் பேண்டு இசை. பிற்பகல் 2 மணிக்கு மிகோஷி ஊர்வலம். மிகோஷி என்பது தோளில் சுமக்கும் சாமிப் பல்லக்கு.

இப்பகுதிக்கு வெளிநாட்டினர் வந்த வரலாறு பழையது. 1990இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தம் ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த பிரேசில், பெரு குடும்பங்களை ஆலை வேலைக்கு அழைத்து வந்தது. குன்மா மாகாணத்தின் ஓஇசுமி இதற்குப் பேர்போன ஊர். 1993இல் தொழிற்பயிற்சித் திட்டம் தொடங்கியது. அந்த வழியில் வந்தவர்களில் இன்று வியட்நாம் இளைஞர்களே அதிகம். மொழிப் பள்ளிகளில் நேபாள மாணவர்கள், ஜப்பானியரை மணந்த பிலிப்பைன்ஸ் பெண்கள், பொறியாளர் வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் என்று இந்த நகரத்திலும் எல்லோரும் இருக்கிறார்கள்.

பல பண்பாட்டினர் கூடி வாழ்வதை ஜப்பானில் 'தபுன்கா க்யோசெய்' என்பார்கள். உள்ளாட்சிகள் அதற்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2006இல் உள்விவகார, தொடர்பு அமைச்சகம் வழிகாட்டியது. அது முதல் பல ஊர்களில் விழா என்றால் வெளிநாட்டு உணவு ஸ்டாலும் உண்டு. உணவு, உடை, விழா என்ற மூன்றோடு எல்லாம் நின்றுவிடுகிறது என்று கல்வியாளர்கள் இதைக் குறை சொல்வதும் உண்டு. மூன்று 'எஃப்' (ஃபுட், ஃபேஷன், ஃபெஸ்டிவல்) என்பது அந்தக் குறைக்கு அவர்கள் வைத்த பெயர். குறை நியாயமானதுதான். ஆனால் ஒரு ஸ்டால் ஏன் உணவோடு நின்றுவிடுகிறது என்பதற்கான விடை பெரும்பாலும் அடுப்பிலும் தண்ணீர்த் தொட்டியிலும்தான் இருக்கிறது. கருத்தரங்குகளில் அதைப் பேசுவோர் குறைவு. இந்த ஆய்வு அந்த இடத்திலிருந்து பார்க்கிறது.

முதலாண்டு: திட்டமும் அனுமதியும்

நகரின் சர்வதேசப் பரிமாற்றச் சங்கம் ஆறு கூடாரங்களுக்கு இடம் பெற்றது. ஐந்தில் உணவு: வியட்நாம், நேபாளம், பிரேசில், பிலிப்பைன்ஸ், இந்தியா. ஆறாவது பண்பாட்டு அரங்கு. உணவுக் கூடாரங்களுக்குப் பதினைந்து மீட்டர் தள்ளி, மேடைக்குப் பின்புறம் அதற்கு இடம் ஒதுக்கினார்கள்.

'உங்கள் நாட்டின் புகழ்பெற்ற உணவைக் கொண்டு வாருங்கள்' என்று ஜூலையில் சங்கம் கேட்டது. பிழை இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. பட்டியல் வந்த பிறகே, செப்டம்பரில், அதை ஹோகென்ஜோவுக்குக் கொண்டு போனார்கள். ஹோகென்ஜோ என்பது உணவுக் கடைகளுக்கு அனுமதி தரும் பொதுச் சுகாதார நிலையம். விழா ஸ்டால்களுக்கான விதி மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஆனால் அடிப்படை ஒன்றே: பரிமாறுவதற்குச் சற்றுமுன் நன்றாகச் சூடாக்கிய, எளிய ஒரே ஒரு பண்டம். வீட்டில் சமைத்து எடுத்து வரக்கூடாது. பச்சையாக எதையும் மேலே தூவக்கூடாது.

பட்டியலில் பாதி அங்கேயே உதிர்ந்தது. வியட்நாமியரின் அரிசித்தாள் சுருள் போனது, பொரித்த சுருள் வந்தது. கொத்துமல்லித் தழை தூவ அனுமதி இல்லை. இந்தியர்கள் கேட்ட லஸ்ஸிக்கு மறுப்பு, கொதிக்க வைக்கும் மசாலா டீக்கு ஒப்புதல். கூடாரத்தில் சோறு சமைக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. உரிமம் பெற்ற ஒரு பென்தோ (பெட்டிச் சாப்பாடு) கடையிலிருந்து சோற்றை வரவழைப்பது என்று முடிவானது. நேபாளிகள் மோமோ என்னும் ஆவியில் வேகும் கொழுக்கட்டையை வீட்டில் பிடிக்கக் கூடாது என்பதால், உரிமம் பெற்ற உணவகத்தின் சமையலறையில் செய்து உறைய வைத்த 600 மோமோக்களை வாங்கினார்கள். பிரேசில் தொத்திறைச்சியும் பிலிப்பைன்ஸ் பன்றியிறைச்சிக் குச்சிகளும் மாற்றமின்றித் தப்பின. வறுத்துக் கொடுக்கும் பண்டங்களுக்கு இந்த விதிகள் இயல்பாகவே பொருந்தும்.

இந்தியக் கூடாரத்தில் கொண்டைக்கடலைக் கறி, 150 பேருக்கு. ஆளுக்கு 200 மில்லி என்று 30 லிட்டர். இதைக் கோமின்கான் என்னும் சமூகக் கூடத்தின் சமையலறையில் விழா நாள் காலையில் செய்ய வேண்டும்.

அக்டோபரில் விளக்கக் கூட்டம். விதிகளின் நகல் எல்லோருக்கும் தரப்பட்டது. அதில் 'ஜென்ஜிட்சு ச்சோரி கின்ஷி' என்று ஒரு வரி. கான்ஜி என்னும் சீன வழி எழுத்துகள் ஆறே ஆறு. பொருள், முந்தைய நாள் சமையல் தடை. கூட்டத்தில் யாரும் அதற்கு மேல் விளக்கவில்லை. தலையசைத்தவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

முதலாண்டு: விழா நாளில் கண்டவை

காலை 7 மணி. கோமின்கான் சமையலறைக்கு இந்தியக் குடும்பங்கள் வந்தபோது, மூடியிட்ட 10 லிட்டர் பாத்திரம் ஒன்று கூடவே வந்தது. வெங்காயமும் தக்காளியும் மசாலாவும் சேர்த்து வதக்கிய தொக்கு. முந்தைய இரவு வீட்டில் செய்தது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. கறியைக் காலையில்தான் வைக்கப் போகிறோம், இது வெறும் மசாலாதானே என்பது அவர்களுடைய கணக்கு. எந்தத் தமிழ் வீட்டிலும் இதே கணக்குதான் போடுவார்கள்.

அந்தப் பாத்திரத்தைக் கொட்டச் சொன்னார் சங்கப் பொறுப்பாளர். கடுமையாகத் தோன்றும், ஆனால் சரியான முடிவு. மண்ணிலிருந்து வரும் காய்கறிகளிலும் மசாலாத் தூள்களிலும் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். கொதி நிலையிலும் அவை சாவதில்லை. பெரிய பாத்திரத்தில் கெட்டியான கறியோ தொக்கோ ஆற மணிக்கணக்காகும். கொதித்ததில் காற்று வெளியேறியிருப்பதால் அடிப்பகுதியில் ஆக்சிஜன் இல்லை. சூடு 45 டிகிரி அளவுக்கு இறங்கியதும் வித்துகள் விழித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் வேகத்தில் பெருகும். வாசனையோ சுவையோ மாறாது. கறி மறுநாள்தான் ருசி என்று நாம் சொல்வதுபோல ஜப்பானியரும் 'இரண்டாம் நாள் கறி' என்று ஆசையாகச் சொல்வார்கள். இரண்டு சமூகமும் ஒத்துப்போகும் இந்த இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது.

மறுபடி வெங்காயம் வாங்கி வந்து உரித்து நறுக்கியதில் 8 கிலோவும் அடுப்பேறும்போது மணி எட்டரை. கறி 10 மணிக்குக் கூடாரத்தில் இருந்திருக்க வேண்டும். வந்து சேர்ந்தது 11.20க்கு. பென்தோ கடைச் சோறு அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்து காத்திருந்தது.

அடுத்தது மோமோ. மூன்றடுக்கு ஆவிப்பாத்திரம், அடுக்குக்கு 24. ஒரு ஈடுக்கு 72 மோமோ. தட்டுக்கு ஆறு என்றால் 12 தட்டு. உறைந்த மோமோவின் நடுப்பகுதி 75 டிகிரியை எட்டி ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வீட்டு அடுப்பில் சோதித்தபோது அதற்கு 14 நிமிடம் ஆனது. கூடாரத்தில் இருந்ததோ கேசட் அடுப்பு. 250 கிராம் பியூட்டேன் குடுவை செருகும், மேசைமேல் வைக்கும் சிறிய அடுப்பு. காலை 9 மணிக்கு வெளியே 9 டிகிரி. வாயு வெளியேற வெளியேறக் குடுவை தானே குளிரும்; குளிர்ந்தால் அழுத்தம் குறையும், சுடர் சுருங்கும். வெந்ததா என்று பார்க்க ஒவ்வொருவரும் மூடியைத் திறந்ததில் ஆவியும் போனது. ஒரு ஈடு 25 நிமிடம் எடுத்தது. அதாவது மணிக்கு 30 தட்டுக்கும் குறைவு.

நண்பகலில் அந்தக் கூடாரத்துக்கு முன் நாற்பது பேர் நின்றார்கள். வரிசையின் கடைசியில் இருந்தவருக்கு மோமோ கிடைக்க ஒன்றேகால் மணி நேரம். வரிசை வளைந்து பக்கத்து பிலிப்பைன்ஸ் கூடாரத்தை மறைத்ததில் அவர்களுடைய விற்பனையும் படுத்தது.

இந்த நெருக்கடியில் ஒரு மாணவர் இரண்டு கேசட் அடுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டின் மீதும் ஒரே பெரிய பாத்திரத்தை ஏற்றினார். பாத்திரத்தின் அடிப்பாகம் குடுவை அறைகளின் மேல் நீண்டிருந்தது. அடியிலிருந்து திரும்பும் வெப்பம் குடுவையைச் சுட்டால் உள்ளழுத்தம் ஏறி வெடிக்கும். ஜப்பானில் இந்த அடுப்பின் பெட்டியிலேயே படம் போட்டு எச்சரிப்பது இதைத்தான். சுற்றி வந்த தீயணைப்பு அலுவலர் இரண்டே நிமிடத்தில் கண்டு நிறுத்தினார். தீயணைப்பான்கள் ஐந்தும் தலைமைக் கூடாரத்தில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்ததையும் அவரே கண்டார். உடனே கூடாரத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கச் சொன்னார். 2013 ஆகஸ்ட் 15 அன்று கியோத்தோ மாகாணத்தின் ஃபுகுச்சியாமா வாணவேடிக்கை விழாவில் ஒரு ஸ்டாலில் பெட்ரோல் தீப்பற்றி 3 பேர் இறந்தார்கள், 50 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அதன் பிறகு திருத்தப்பட்ட உள்ளூர் தீத்தடுப்பு விதிகளின்படி, கூட்டம் சேரும் விழாவில் நெருப்பு மூட்டும் ஸ்டால் தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், தீயணைப்பானும் வைத்திருக்க வேண்டும். கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால் அது இருந்தும் பயனில்லை.

மின்சாரமும் காலை வாரியது. இந்தியக் கூடாரத்தின் 1,200 வாட் கெட்டிலும் பிலிப்பைன்ஸ் கூடாரத்தின் 1,300 வாட் ஹாட் பிளேட்டும் ஒரே 20 ஆம்பியர் இணைப்பில் இருந்தன. ஜப்பானில் 100 வோல்ட் என்பதால் இரண்டும் சேர்ந்தால் 25 ஆம்பியர். முற்பகலில் மூன்று முறை ட்ரிப் ஆனது. நீட்டிப்பு ஒயரைச் சுருளிலிருந்து முழுதாக இழுக்காமல் விட்டிருந்ததால் சுருள் கை வைக்க முடியாத அளவு சுட்டது. ஒயர் சுருண்டிருந்தால் வெப்பம் வெளியேற வழியில்லை. அதனால்தான் சுருளின் மீது சுருட்டிய நிலைக்கு ஓர் அளவும் இழுத்த நிலைக்கு ஓர் அளவும் அச்சிட்டிருப்பார்கள்.

கை கழுவும் நீர்: கூடாரத்துக்குக் குழாய் வைத்த 20 லிட்டர் தொட்டி ஒன்று. ஆறு பேர் ஒழுங்காகக் கழுவியதில் 11 மணிக்குத் தீர்ந்தது. அதன்பின் ஆல்கஹால் தெளிப்பானை வைத்து ஓட்டினார்கள். நவம்பர் என்பது நோரோ வைரஸ் பருவம் தொடங்கும் மாதம். அதன் மேல் ஆல்கஹால் சரியாக வேலை செய்யாது; ஓடும் நீரும் சோப்பும்தான் வழி.

விலைகள் 350, 380, 450 யென். 11 மணிக்கு 50 யென் நாணயம் தீர்ந்தது. சில்லறைக்காக ஒருவர் ஓடிக்கொண்டே இருந்தார்.

பண்பாட்டு அரங்கில் நேர்மாறான நிலை. கொடிகள், பொம்மைகள், சுவரொட்டிகள், சேலையும் ஆவோசாய் என்னும் வியட்நாமிய நீள அங்கியும் உடுத்திப் பார்க்க ஒரு மறைப்பு. சேலை கட்டிவிட ஒருவருக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம். கட்டத் தெரிந்தவரோ ஒரே ஒருவர். மூன்று பேர் காத்திருப்பதைக் கண்டதும் நான்காவது ஆள் திரும்பிப் போனார். மற்ற நேரமெல்லாம் அரங்கு காலி. மோமோ வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் சும்மா நின்ற நாற்பது பேரும் இந்த அரங்கைப் பார்க்கவே இல்லை.

2 மணிக்கு மிகோஷி உணவுக் கூடாரங்களின் முன்னால் போனது. பின்பக்கம் எண்ணெய்ச் சட்டி முன் நின்ற வியட்நாம் இளைஞர்கள் காலை 6 மணி முதல் அங்கேயே நின்றவர்கள். ஒருவர் துணித் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். சட்டியில் சுருள் கருகத் தொடங்கவே திரும்பிவிட்டார். நாட்கள் கழித்து விழாவைப் பற்றிக் கேட்டபோது அவரால் சொல்ல முடிந்தது எண்ணெயைப் பற்றி மட்டுமே.

மாலையில் இன்னொரு சிக்கல். செலவு போக மிஞ்சிய தொகையை உழைத்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று ஒருவர் நல்ல மனதோடு சொன்னார். தொழிற்பயிற்சியாளர்கள் தங்கள் நிறுவனத்துக்கு வெளியே ஊதியம் பெறக்கூடாது. மாணவர்கள் தனி அனுமதியோடு வாரம் 28 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். விழாவில் வாங்கும் 3,000 யென் ஒருவருடைய தங்கும் தகுதியையே கேள்விக்குள்ளாக்கலாம். தொகை சங்கத்தின் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போனது. ஆனால் இதை மாலையில், களைத்துப் போனவர்களிடம் சொல்ல நேர்ந்தது வருத்தத்தையே மிச்சமாக்கியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டிசம்பரில் மீளாய்வு நடந்தது. அடுத்த ஆண்டு ஸ்டால்களே வேண்டாம் என்றும் ஒரு கருத்து எழுந்தது. அதை மறுத்தவர்கள் பிலிப்பைன்ஸ் பெண்கள். பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் அம்மா சமைப்பதைப் பார்க்கும் ஒரே நாள் அது என்றார்கள். ஸ்டால் தொடரும், கேள்வியை மாற்றுவோம் என்று முடிவானது. 'புகழ்பெற்ற உணவு எது' என்று கேட்பதை விட்டு, 'மணிக்கு எண்பது தட்டு, ஒரு அடுப்பில், நான்கு கைகளால் எதைத் தர முடியும்' என்று கேட்பது. தட்டுகளின் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பண்டத்துக்கு வருவது.

அந்தக் கணக்கில் மோமோ முதலில் தோற்றது. அதை எடுத்துவிட நேபாள மாணவர்கள் சம்மதிக்கவில்லை, சம்மதிக்கத் தேவையும் இருக்கவில்லை. நான்கடுக்கு ஆவிப்பாத்திரங்கள் இரண்டு, இரண்டு இரட்டை வளைய வார்ப்பிரும்பு அடுப்புகள், 8 கிலோ புரோபேன் சிலிண்டர்கள். உள்ளூர் எரிவாயுக் கடையே கொண்டுவந்து பொருத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு ஈடுக்கு 96, தட்டுக்கு ஐந்து. இரண்டு பாத்திரங்களையும் எட்டு நிமிட இடைவெளியில் ஏற்றினால் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை 19 தட்டு வெளிவரும். மூடியைத் திறக்கும் உரிமை வெப்பமானி வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டும்.

கறிக்கு, கோமின்கானைக் காலை 6 மணிக்குத் திறக்கும்படி நகராட்சியிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கினார்கள். அளவை 24 லிட்டராக, 120 பேருக்கானதாகக் குறைத்தார்கள். கடலைக்கு, ஊறவைக்கும் வேலையில்லாத வேகவைத்த பொதிகள். கறி 65 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து கிளற வேண்டும். மிஞ்சியதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

விதித்தாளை 'யசாஷீ நிஹோங்கோ'வில், அதாவது எளிய ஜப்பானிய மொழியில், திருப்பி எழுதினார்கள். 1995 ஹன்ஷின்-அவாஜி நிலநடுக்கத்தில் எச்சரிக்கைகள் புரியாமல் வெளிநாட்டினர் தவித்த அனுபவத்திலிருந்து பிறந்த முறை இது. ஆறு கான்ஜி எழுத்துகளின் இடத்தில் 'மாஏ நோ ஹி நி ட்சுகுராநாய்தே குதாசாய்' வந்தது: முந்தைய நாள் செய்யாதீர்கள். அதன் கீழே, வதக்குவது, அரைப்பது, நறுக்குவது, ஊறவைப்பது எல்லாம் 'செய்வது'தான் என்று நான்கு படங்கள். இந்தத் தாளைத் திருத்தியவர்கள் முதலாண்டில் தொக்கைக் கொட்டிய அதே குடும்பங்கள்.

விரலில் காயமோ வயிற்றுப்போக்கோ இருப்பவர் உணவைத் தொடாமல் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பதும் தாளில் ஏறியது. காயத்தில் வாழும் ஸ்டேஃபைலோகாக்கஸ் உண்டாக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. ஒவ்வாமைக்கு அப்போதிருந்த ஜப்பானிய லேபிள் விதியின் எட்டுப் பொருட்களையும் படத்தோடு பலகையில் எழுதினார்கள்: முட்டை, பால், கோதுமை, பக்வீட், வேர்க்கடலை, இறால், நண்டு, 2023இல் சேர்ந்த வால்நட். தட்டில் கையோடு விற்பதற்குச் சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் மோமோ மாவில் கோதுமை இருப்பது பார்த்தால் தெரியாது.

விலை எல்லாமே 500 யென், டீ மட்டும் 100. தண்ணீர்த் தொட்டி கூடாரத்துக்கு இரண்டு, நிரப்பும் பொறுப்புக்குத் தனி ஆள். ஒரு கூடாரத்துக்கு ஒரே மின் இணைப்பு, கெட்டில் கிடையாது, டீயும் எரிவாயுவில். பணம் யாருக்கும் பகிரப்படாது, வாங்கிய பொருளுக்கு ரசீது காட்டினால் அந்தத் தொகை மட்டும் திரும்பக் கிடைக்கும் என்பதை ஜூலை மாதமே எழுதிக் கொடுத்தார்கள்.

நேரமும் மாறியது. ஆளுக்கு 90 நிமிட முறைவேலை. உணவு விற்பனை 1.30க்கு முடியும். முடிக்கச் சொன்னது சோனாய்காய் என்னும் குடியிருப்போர் சங்கத்தின் முதியவர் ஒருவர். மிகோஷி தூக்கத் தோள் போதவில்லை, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தோக்கியோவுக்குப் போய்விட்டார்கள், அந்தப் பின்பக்க இளைஞர்கள் வருவார்களா என்று கேட்டார். சங்கம் யோசித்து எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. அவர் கேட்டதுதான்.

இரண்டாமாண்டு: நடந்தது

பண்பாட்டு அரங்கு மேடைக்குப் பின்னாலிருந்து உணவுக் கூடாரங்களுக்கு நடுவே வந்தது. பணம் கொடுத்தவர் எண்ணிட்ட டோக்கனோடு அந்த அரங்கின் பெஞ்சுகளில் உட்கார வேண்டும். தட்டு தயாரானதும் எண்ணைக் கூவுவார்கள். காத்திருக்கும் எட்டுப் பத்து நிமிடங்களுக்குள் முடிகிற வேலைகள் மட்டுமே அங்கே வைக்கப்பட்டன. சேலை கட்டுவதை விட்டுவிட்டார்கள். மருதாணியையும் யோசித்துக் கைவிட்டார்கள். நிறம் ஒரு வாரத்துக்கு மேலும் கையில் தங்கும். கறையோடு மறுநாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் உணவு ஆலையில் வேலை செய்யும் பெரியவருக்கும் சங்கடம்.

வியட்நாம் மேசையில் 'மா' என்ற ஒரே அசையை ஆறு தொனிகளில் சொல்லச் சொன்னார்கள்: பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று. அம்மாவைக் குதிரையாக்கிவிட்டுச் சிரித்தவர்கள் அடுத்த முறை சரியாகச் சொல்ல முயன்றார்கள். சொல்லிக் கொடுத்தது ஆலையில் நாள் முழுக்கப் பேசாமல் வேலை செய்யும் ஓர் இளைஞர்.

இந்திய மேசையில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். தேவநாகரியில் ஒருவர், தமிழில் ஒருவர். சுலபம் என்று தொடங்கிய தமிழ் எழுத்து 'கென்தா' என்ற பெயர்கொண்ட சிறுவனிடம் நின்றது. கெந்தா என்றாலும் கெண்டா என்றாலும் மூக்கெழுத்துக்குப் பின் வரும் எழுத்தைத் தமிழர் மென்மையாகத்தான் வாசிப்பார்கள். பையனுடைய பெயர் மாறிவிடும். எழுதியவர் இரண்டு அட்டைகளைக் கிழித்துப் போட்டு, மூன்றாவதில் 'கென்ட்டா' என்று எழுதினார். ஏன் கிழித்தார் என்று அந்தப் பையன் கேட்டான். அந்த விளக்கம் மோமோ எண்ணைக் கூவியபிறகும் தொடர்ந்தது. தாத்தா போய்த் தட்டை வாங்கி வந்தார். 'ஹருகா'வுக்குக் கிரந்த ஹகரம் வேண்டும் என்பதும், 'யூகோ', 'யுகோ' என்ற குறில் நெடில் வேறுபாடு இரு மொழிக்கும் இயல்பாகவே பொருந்துகிறது என்பதும் அன்று அந்த மேசையில் பேசப்பட்டன.

உணவுப் பக்கம்: கறி 9.40க்கு வந்தது. மோமோ வரிசை பதினைந்து பேரைத் தாண்டவில்லை. ட்ரிப் ஒருமுறையும் இல்லை. ஆனால் 11 மணிக்கு வடக்கிலிருந்து காற்று எழுந்தது. கூடாரக் கால்களில் 20 கிலோ எடைகள் இருந்ததால் கூடாரம் நின்றது. அடுப்புச் சுடர்தான் சாய்ந்தது. தீத்தடுப்புப் பலகை பின்புறம் மட்டுமே இருந்தது, பக்கங்களில் இல்லை. ஈடு ஒன்றுக்கு 16 நிமிடம் 20 ஆனது. அலுமினியத் தகடு வாங்கி வந்து மறைக்க அரை மணி நேரம் போனது.

1.30க்கு மோமோ முடிந்திருந்தது. கறியில் 20 பேருக்கானது மிஞ்சியது, கொட்டினார்கள். கொட்டியவர் முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் பேசவில்லை.

2 மணிக்கு ஹாப்பி என்னும் விழாச் சட்டையில் ஒன்பது வியட்நாம், நேபாள இளைஞர்கள் மிகோஷிக்குத் தோள் கொடுத்தார்கள். ஒத்திகை எதுவும் இல்லை. உயரத்துக்கேற்ப இடம் மாற்றாததால் குள்ளமானவர் தோளுக்குக் கட்டை எட்டவில்லை, நெடியவர் தோள் இருவர் பாரத்தைத் தாங்கியது. நூறு மீட்டருக்குப் பின் நிறுத்தி, அந்த முதியவரே ஆட்களை வரிசை மாற்றினார். அதன்பிறகு 'வஸ்ஷோய்' என்ற கூவலோடு பாதமும் ஒத்துப்போனது. உணவுக் கூடாரங்கள் அப்போது மூடியிருந்தன. சமைத்த பெண்கள் முன்பக்கம் வந்து நின்று பார்த்தார்கள்.

அடுத்து மாற்ற வேண்டியவை

அடுப்புக்கு மூன்று பக்கமும் தகட்டு மறைப்பு. அது கூடார வாடகைப் பட்டியலிலேயே இருக்க வேண்டும். கறியை 100 பேருக்கு மட்டும் வைத்து, தீர்ந்ததும் டீ மட்டும் தொடரலாம். பிரேசில் கூடாரம் இரண்டு ஆண்டும் சிக்கலின்றி ஓடியதால் மீளாய்வில் யாரும் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. முப்பது ஆண்டு ஸ்டால் போட்ட அனுபவம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஹோகென்ஜோ போகும் குழுவில் முதலில் இருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

மிகோஷிக்கு அக்டோபரில் இரண்டு மாலை ஒத்திகை வேண்டும். ஆலைகளில் இரவுப் பணியும் இருப்பதால், ஒத்திகை நாளைப் பணிமுறைத் தாள் வரும் முன்பே முடிவு செய்து, ஆலை மேற்பார்வையாளர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தோள்பட்டைத் துணிகள் இரட்டிப்பாக வாங்கப்பட வேண்டும். முதல்முறை சுமப்பவர்களுக்குத் தோல் உரிந்தது. சமைக்கும் பெண்கள் மூவர் தாங்களும் தூக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கான விண்ணப்பம் குடியிருப்போர் சங்கத்தின் பிப்ரவரிக் கூட்டத்துக்குப் போயிருக்கிறது.